செடிச் சாறு செவி செல்லைக் காக்கிறதா? ஜீப்ரா மீன் குஞ்சில் சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

உயிரியல், உயிர்வேதியியல் துறைகளில் ஆய்வுத் தலைப்பு கேட்டுப் போகும் மாணவருக்கு இன்று அடிக்கடி கிடைப்பது இதுதான்: ஏதோ ஒரு செடியின் சாறு, ஏதோ ஒரு நச்சு, நடுவில் ஜீப்ரா மீன். நச்சு மட்டும் பட்ட குஞ்சுகள் பாதிக்கப்பட்டன, சாறும் சேர்த்துக் கொடுத்தவை தப்பித்தன, ஆகவே சாறு "பாதுகாக்கிறது". இந்த முடிவை எட்டுவது அவ்வளவு கடினமில்லை. சாறு உண்மையிலேயே செல்லைக் காப்பாற்றியதா, அல்லது நச்சு செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லையா என்று பிரித்துப் பார்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. பல கட்டுரைகள் அந்த இடத்துக்குப் போகாமலேயே முடிந்துவிடுகின்றன.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்கிறேன். நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மீன் குஞ்சின் மயிர்செல்களைக் கொல்லும். அதைத் தடுக்கும் தாவரப் பொருளைத் தேடுவது. செலவு குறைவு, ஒரு பகலில் முடிந்துவிடும், முடிவைக் கண்ணால் எண்ணலாம். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

ஏன் இந்த மீன், ஏன் மயிர்செல்

ஜீப்ரா மீன் கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் ஓடைகளிலும் வயல் நீரிலும் வாழும் மீன். 1822-இல் பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களை விவரித்தபோது இதையும் விவரித்தார். பிற்பாடு அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபியல் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். 1981-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையிலிருந்துதான் இந்த மீனின் ஆய்வகப் பயணம் சூடுபிடித்தது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இதில் குறைந்தது ஒரு ஒத்த மரபணுவாவது உண்டு என்பது 2013-இல் முழு மரபணுத் தொகுதி வெளியானபோது தெரிந்தது.

நம் உட்செவியில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது மயிர்செல்கள். அமினோகிளைகோசைடு வகை ஆன்டிபயாடிக்குகளும், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் அவற்றை அழிக்கக்கூடியவை. நமக்கு அவை மறுபடி முளைப்பதில்லை, போனது போனதுதான். பல மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்குக் கனாமைசின் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பலருக்குக் காது கேளாமல் போனது இப்படித்தான்.

மீனுக்கு இதே வகைச் செல்கள் உட்செவியில் மட்டுமல்ல, உடலின் வெளிப்புறத்திலும் உண்டு. தலையைச் சுற்றியும் பக்கவாட்டில் வால்வரையும் சிறு கொத்துகளாக அவை அமைந்திருக்கும். கொத்துக்கு நியூரோமாஸ்ட் என்று பெயர், முழு அமைப்புக்குப் பக்கக்கோடு. நீரின் அசைவை உணர்வது இதன் வேலை. தோலின்மேல் இருப்பதால் நீரில் கலக்கும் மருந்தும் சாயமும் நேராக அவற்றைத் தொடும். எலியின் காதுக்குள் போய்ப் பார்க்க வேண்டியதை மீன் குஞ்சில் உயிரோடு, நுண்ணோக்கியின் கீழ் பார்த்துவிடலாம்.

அனுமதிகள்

இந்தியாவில் மீனும் முதுகெலும்பி என்பதால், உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பம் போட வேண்டும். ஐரோப்பிய விதிப்படி தானாக உண்ணத் தொடங்கும் நிலைக்கு முந்தைய கருக்கள் விலங்குச் சோதனை விதிக்குள் வராது, 28.5 டிகிரியில் வளர்ந்தால் அந்த எல்லையைச் சுமார் 120 மணி நேரம் என்று கொள்கிறார்கள். நாம் செய்யப்போகும் சோதனை சரியாக அந்த எல்லையில், 5 முதல் 6 நாள் வயதுக் குஞ்சில் நடக்கிறது. "கருதானே, அனுமதி எதற்கு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அனுமதி எண் இல்லாத கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

செடிக்கும் தாள் வேலை உண்டு. சரியான செடிதான் என்று தாவரவியலாளர் ஒருவரிடம் உறுதி பெறுங்கள். கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தெற்கு மண்டல மையத்தை அணுகலாம். உலர்த்திய மாதிரி ஒன்றை எண்ணிட்டு, உலர்செடிகளைச் சேர்த்துவைக்கும் ஹெர்பேரியத்தில் வைத்துவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கிய பொடியில் தொடங்கும் ஆய்வை நான் நம்புவதில்லை. சாற்றை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி முன்கூட்டியே ஒப்புதல் தேவை. அதைக் கவனிக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது.

மீனும் முட்டையும்

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் ஜீப்ரா மீன் மலிவாகக் கிடைக்கும். பழகுவதற்கு அது போதும். ஆனால் கடை மீனின் வயதும் பூர்வீகமும் தெரியாது, நோய் கொண்டுவரலாம். வாங்கினால் சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு, அவை இட்ட முட்டையிலிருந்து வளர்ந்த அடுத்த தலைமுறையை வைத்துச் சோதனை செய்யுங்கள். ஆய்வகங்களில் வளர்க்கும் வகைகள் கிடைத்தால் அதுவே மேல். ஒளிரும் நிறங்களில் விற்பதைத் தொடவே வேண்டாம். சாயத்தின் ஒளியை எண்ணும் சோதனையில் அவை உதவாது.

தொட்டி நீர் 28.5 டிகிரி, பி.எச். 7-க்கும் 7.5-க்கும் இடையில், 14 மணி நேரம் வெளிச்சம், 10 மணி நேரம் இருட்டு. மாலையில் ஆணையும் பெண்ணையும் இனப்பெருக்கத் தொட்டியில் நடுவில் தடுப்பு வைத்து விடுங்கள். காலையில் விளக்கு எரிந்ததும் தடுப்பை எடுத்தால் சிறிது நேரத்தில் முட்டையிடும். முட்டை அடியில் விழ வலை கட்டாயம், இல்லாவிட்டால் பெற்றோரே தின்றுவிடும். ஒரு நல்ல ஜோடி 100, 200 முட்டைகள் தரும்.

முட்டைகளை ஈ3 கரைசலில் கழுவி வையுங்கள். வடிகட்டிய நீரில் 5 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 0.17 பொட்டாசியம் குளோரைடு, 0.33 கால்சியம் குளோரைடு, 0.33 மக்னீசியம் சல்பேட் சேர்த்தது ஈ3. இந்தக் கால்சிய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. பூஞ்சைக்காகப் பலர் மெத்திலீன் நீலம் சேர்ப்பார்கள். முதல் நாளுக்கு அது பரவாயில்லை, சோதனை நாளில் கூடாது.

ஒரு தட்டில் 50-60 முட்டைக்கு மேல் வேண்டாம். வெண்மையாகிச் செத்தவற்றைத் தினமும் எடுத்துவிடுங்கள். 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கும், 48-க்கும் 72-க்கும் இடையில் குஞ்சு பொரிக்கும், 5-ஆம் நாள்வரை மஞ்சள் கருவே உணவு. மயிர்செல்கள் இளம் வயதில் நியோமைசினுக்கு அவ்வளவாக மசியாது. அதனால்தான் 5-ஆம் நாள் வரை காத்திருக்கிறோம். 3-ஆம் நாளே செய்து "நச்சு வேலை செய்யவில்லை" என்று குழம்புபவர்கள் உண்டு.

சாறு தயாரித்தல்

நிழலில் உலர்த்தி, பொடித்து, எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் கரைப்பானை முழுதாக நீக்கி, மைனஸ் 20-இல் வைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த வேலை. மெத்தனால் மிச்சம் இருந்தால் குஞ்சு அதனாலேயே பாதிக்கப்படும், அது மட்டும் கவனம்.

உலர்சாற்றை டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைத்து ஸ்டாக், அதாவது அடர்த்தியான இருப்புக் கரைசல், செய்யுங்கள். இறுதிக் கரைசலில் டி.எம்.எஸ்.ஓ. 0.1 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. டோஸ் கூடக் கூட டி.எம்.எஸ்.ஓ.வும் கூடக் கூடாது. எல்லாக் குழுவிலும், ஒப்பீட்டுக்கு வைக்கும் கன்ட்ரோல் குழுவிலும் அதே அளவு இருக்க வேண்டும். கலந்த பிறகு ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் நீங்கள் எழுதிவைத்த டோஸுக்குப் பொருளில்லை, பாதி மருந்து தட்டின் அடியில் கிடக்கிறது.

குர்குமின் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். நடுநிலை பி.எச். நீரில் அது நிமிடக் கணக்கில் சிதையும். தானே பச்சையாக ஒளிரும். பல வேதிச் சோதனைகளில் பொய்யான நல்ல முடிவு காட்டும் பொருட்களின் பட்டியலில் பேர்போனது. போதாக்குறைக்குச் சில மைக்ரோமோலார் அளவிலேயே மீன் கருவைக் கொல்லும். மஞ்சள் சமையலுக்கு நல்லது. முதல் ஆய்வுப்பொருளாக வேண்டாம்.

முதலில் சாறே கொல்கிறதா என்று பாருங்கள்

பூந்திக்கொட்டைச் சாறு மீனைக் கொல்லும் என்பது ஊரில் மீன் பிடித்தவர்களுக்குத் தெரியும். அதிலுள்ள சப்போனின் செவுளைத் தாக்குகிறது. சப்போனின் நிறைந்த செடிகள் நம் மருத்துவத்தில் ஏராளம். மனிதர் வாயால் குடிக்கப் பாதுகாப்பானது, நீரில் வாழும் உயிருக்கு நஞ்சாக இருக்கலாம். ஆகவே பாதுகாப்பு டோஸ் தேடும் முன் நச்சு டோஸைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கு ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு 2013-இல் ஏற்ற 236-ஆம் எண் வழிமுறை இருக்கிறது. கருவுற்ற சில மணி நேரத்துக்குள் தொடங்கி, 24 குழித் தட்டில் குழிக்கு ஒரு கரு, டோஸுக்கு 20 கருக்கள், ஐந்து டோஸ்கள், 96 மணி நேரம். கரு உறைந்து வெளிறுவது, உடற்கண்டங்கள் உருவாகாதது, வால் மஞ்சள் கருவிலிருந்து பிரியாதது, இதயத் துடிப்பு இல்லாதது, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் இறப்பு. கன்ட்ரோலில் 90 விழுக்காடு பிழைக்காவிட்டால் அன்றைய சோதனை செல்லாது.

நம் தேவைக்கு இதை அப்படியே செய்யலாம், கூடவே 5 நாள் குஞ்சுகளைச் சாற்றில் சில மணி நேரம் விட்டுப் பார்க்கும் சிறு சோதனையும் செய்துவிடுங்கள். முக்கியச் சோதனையில் குஞ்சு சாற்றைச் சந்திக்கப்போவது அந்த வயதில்தான். துள்ளல் குறைந்தாலோ, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தாலோ அந்த டோஸை விட்டுவிடுங்கள். சாறாக இருந்தால் மில்லிலிட்டருக்கு 1, 3, 10, 30, 100 மைக்ரோகிராம் என்றும், தூய பொருளாக இருந்தால் 1 முதல் 50 மைக்ரோமோலார் வரையும் போய்ப் பார்ப்பது வழக்கமான தொடக்கம்.

சோதனை நாள்

சாற்றைத் தொடும் முன் ஒரு நாளை நியோமைசினுக்கு மட்டும் ஒதுக்குங்கள். நியோமைசின் சல்பேட்டின் மூலக்கூறு எடை சுமார் 909, மில்லிலிட்டருக்கு 9.1 மி.கி. போட்டால் 10 மில்லிமோலார் ஸ்டாக். ஆனால் புட்டிக்குப் புட்டி வீரியமும் ஈரப்பதமும் மாறும். அடுத்தவர் கட்டுரையில் 200 மைக்ரோமோலார் என்று இருந்தால் உங்கள் புட்டிக்கும் அதே என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 50, 100, 200, 400 என்று நான்கு டோஸ் வைத்து, மயிர்செல்களில் மூன்றில் இரண்டு பங்கு அழியும் டோஸைத் தேர்ந்தெடுங்கள். முழுதாக அழிக்கும் டோஸில் சிறு பாதுகாப்பு கண்ணில் படாது. பாதி கூட அழிக்காத டோஸில் எல்லாமே பாதுகாப்புபோலத் தெரியும்.

அப்புறம் குழுக்கள். எதுவும் கொடுக்காதவை, டி.எம்.எஸ்.ஓ. மட்டும், சாறு மட்டும், நியோமைசின் மட்டும், நியோமைசினோடு சாறு, குறைந்தது மூன்று டோஸில். இவற்றோடு, பாதுகாக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒன்று. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெர்பமைன் வாங்க முடிந்தால் அது பொருத்தம். பெர்பெரிஸ் இனச் செடிகளில் உள்ள ஆல்கலாய்டு அது. 2016-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று இயற்கைப் பொருட்களின் தொகுப்பை இதே மீன் குஞ்சில் சலித்தபோது, பெர்பமைனும் அதன் உறவுப் பொருட்கள் மூன்றும் அமினோகிளைகோசைடிலிருந்து நன்றாகக் காத்தன. ஆர்டர் போடும்போது பெர்பெரின் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது வேறு பொருள், தானே ஒளிர்ந்து தொல்லை கொடுக்கும். பணம் இல்லையென்றால் கால்சியம் கூட்டிய கரைசலே போதும்: நீரில் கால்சியம் ஏறினால் நியோமைசினின் தாக்கம் குறையும்.

வேலை இப்படிப் போகும்:

1. காலையில் குஞ்சுகளைப் பொறுக்குங்கள். காற்றுப்பை ஊதியிருக்க வேண்டும், உடல் நேராக இருக்க வேண்டும், தட்டைத் தட்டினால் துள்ள வேண்டும். குழுவுக்கு 10 முதல் 12. அடியில் வலை கட்டிய சிறு கூடைகளில் விட்டால் கரைசல் மாற்றும்போது குஞ்சைப் பிப்பெட்டால் உறிஞ்சத் தேவையில்லை. உறிஞ்சினாலே மயிர்செல் அடிபடும்.

2. சாறு கலந்த ஈ3-இல் ஒரு மணி நேரம், 28.5 டிகிரியில். வெப்பநிலை மாறினால் செல் நச்சை உறிஞ்சும் வேகமும் மாறும். மே மாதத்தில் ஏ.சி. நின்றுபோன லேபில் எடுத்த எண்களை டிசம்பர் எண்களோடு சேர்க்காதீர்கள்.

3. சாறு இருக்கும்போதே நியோமைசினைச் சேர்த்து இன்னொரு மணி நேரம். இரட்டிப்பு அடர்த்தி நியோமைசின் கரைசலைச் சம அளவு ஊற்றுவதாக இருந்தால், அந்தக் கரைசலிலும் அதே அளவு சாறும் டி.எம்.எஸ்.ஓ.வும் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஊற்றிய கணத்தில் சாறு பாதியாகிவிடும்.

4. புது ஈ3-இல் மூன்று முறை அலசி, ஒரு மணி நேரம் ஓய்வு.

5. டாஸ்பீ என்று லேபில் சொல்லும் சாயம், 0.005 விழுக்காடு, இருட்டில் 15 நிமிடம். பிறகு இரண்டு முறை அலசல். உயிருள்ள மயிர்செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இது ஏறும்.

6. டிரைகெய்ன் மயக்க மருந்தில் விட்டு, அசைவு நின்றதும் ஒளிர்வு நுண்ணோக்கியில் பாருங்கள். லிட்டருக்கு சுமார் 160 மி.கி. போதும். அது அமிலத்தன்மை உள்ளது, பி.எச்.சை 7-க்குக் கொண்டுவராமல் பயன்படுத்தினால் குஞ்சு துடிக்கும். நியோமைசின் படிக்கு முன்னால் இதைக் கொடுக்கவே கூடாது.

எண்ணுவது எப்படி

இரண்டு வழி உண்டு. வேகமான வழி, ஒரு குஞ்சில் குறிப்பிட்ட 10 நியூரோமாஸ்ட்களைத் தேர்ந்து, நன்றாக ஒளிர்ந்தால் 2, மங்கலாக இருந்தால் 1, இல்லவே இல்லை என்றால் 0. ஆகக் கூட்டினால் ஒரு குஞ்சுக்கு 0 முதல் 20 வரை மதிப்பெண். நிறையப் பொருட்களைச் சலிக்கும்போது இது கைகொடுக்கும். மெதுவான வழி, ஒவ்வொரு கொத்திலும் செல்களையே எண்ணுவது. முதல் வழியில் தேறியதை இரண்டாம் வழியில் உறுதிசெய்யுங்கள்.

எதுவானாலும், எண்ணுபவருக்கு எந்தத் தட்டு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தட்டில் எண் மட்டும் எழுதி, எந்த எண் எந்தக் குழு என்ற பட்டியலைப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மங்கலா, நன்றாகவா என்று கண் தடுமாறும் இடத்தில் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாதுகாப்புபோலத் தெரிபவை

சரி, சாறு கொடுத்த குழுவில் மதிப்பெண் 15, கொடுக்காததில் 6 என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சி. இனிமேல் அந்த முடிவை உடைக்க முயல வேண்டும். என் அனுபவத்தில் மாணவர் நேரத்தில் பாதியாவது இங்கேதான் போக வேண்டும்.

முதல் சந்தேகம் நீரிலேயே இருக்கிறது. நியோமைசின் நேர்மின்னேற்றம் நிறைந்த மூலக்கூறு. சாற்றில் உள்ள டானின் போன்றவை அதைக் குழியிலேயே பிடித்துக் கட்டிப்போட்டுவிடலாம். குஞ்சுக்கு வெறும் மிச்சம்தான் கிடைக்கும். இதைப் பிடிக்க இரண்டு எளிய சோதனைகள். ஒன்று, சாற்றில் ஊறவைத்த குஞ்சை நன்றாக அலசி, சாறே இல்லாத நியோமைசினில் விடுங்கள். பாதுகாப்பு முற்றிலும் மறைந்தால் சந்தேகம் வலுக்கிறது. இன்னொன்றுக்கு நுண்ணுயிரியல் துறை நண்பரைப் பிடியுங்கள்: அதே கலவையை ஈ. கோலை பாக்டீரியாமேல் போட்டுப் பாருங்கள். சாறு சேர்ந்ததும் நியோமைசின் பாக்டீரியாவைக் கொல்ல மறந்துவிட்டால், நீங்கள் கண்டுபிடித்தது மருந்தைக் கெடுக்கும் பொருள். நோயாளிக்கு அதைக் கொடுத்தால் காதும் பிழைக்கும், கிருமியும் பிழைக்கும்.

மருத்துவமனையிலும் இதே சிக்கல் வந்திருக்கிறது. சிஸ்பிளாட்டின் பெறும் குழந்தைகளின் செவித்திறனைக் காக்கச் சோடியம் தயோசல்பேட்டை 2022-இல் அமெரிக்க மருந்துத் துறை ஏற்றது. அது சிஸ்பிளாட்டினோடு நேரடியாகப் பிணைந்து செயலிழக்க வைக்கும். அதனால்தான் புற்றுநோய் மருந்து தன் வேலையை முடிக்கட்டும் என்று, அது ஏறி 6 மணி நேரம் கழித்துக் கொடுக்கிறார்கள். மீன் தொட்டிக்குக் குளோரின் போக்க ஊற்றுகிறோமே, பெரும்பாலும் அதே உப்புதான். நீங்கள் பிற்பாடு சிஸ்பிளாட்டினில் சோதிப்பதானால் தொட்டி நீரைப் பயன்படுத்தாதீர்கள். டி.எம்.எஸ்.ஓ.வும் சிஸ்பிளாட்டினைக் கெடுக்கும். டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்த செடிப்பொருள் சிஸ்பிளாட்டினிலிருந்து காக்கிறது என்று படித்தால், கரைப்பான் கன்ட்ரோல் வைத்தார்களா என்று முதலில் தேடுங்கள்.

இரண்டாவது, உப்பு. இலைச் சாற்றில், முக்கியமாக நீரில் எடுத்ததில், கால்சியமும் மக்னீசியமும் தாராளமாக இருக்கும். ஈ3-இல் கால்சியம் 0.33 மில்லிமோலார்தான் என்று குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்குத்தான். சாறு சேர்த்து அது ஏறிவிட்டால், எந்த அரிய மூலக்கூறும் இல்லாமலே செல் பிழைக்கும். கலவையின் பி.எச்., மின்கடத்துத்திறன் இரண்டையும் அளந்து எழுதிவையுங்கள். சாற்றைச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலின் உப்பை மட்டும் அதே அளவில் சேர்த்து ஒரு குழு வைத்துப் பாருங்கள். கரிமப் பொருள் எல்லாம் எரிந்துபோன சாம்பலும் "பாதுகாத்தால்" விஷயம் முடிந்தது.

மூன்றாவதுதான் சுவையானது. அமினோகிளைகோசைடு மயிர்செல்லுக்குள் நுழைவது பெரும்பாலும் அந்தச் செல் அசைவை உணரப் பயன்படுத்தும் அயனி வாயில் வழியாகத்தான். சில தாவர ஆல்கலாய்டுகள் அந்த வாயிலை அடைத்துவிடுகின்றன. பெர்பமைன் செய்வது இதையே என்று 2016, 2017 ஆய்வுகள் காட்டின. வீட்டுக்குள் திருடனை அடக்கியதற்கும் வாசலில் பூட்டுப் போட்டதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டிலும் பொருள் தப்பிக்கிறது, ஆனால் நீங்கள் கட்டுரையில் "ஆக்சிஜனேற்றத் தடுப்பு" என்று எழுதியிருந்தால் அது தவறு.

கண்டுபிடிக்க எஃப்.எம்.1-43 என்ற சாயம் இருக்கிறது. 3 மைக்ரோமோலார் அளவில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் காட்டினால் போதும், அதே வாயில் வழியே உள்ளே போய் ஒளிரும். சாறு கொடுத்த, நியோமைசின் காணாத குஞ்சில் இந்தச் சாயம் ஏறவில்லை என்றால் வாயில் அடைபட்டிருக்கிறது. வசதி இருந்தால் டெக்சஸ் ரெட் சாயம் கட்டிய ஜென்டாமைசினைக் கொடுத்து, அது செல்லுக்குள் சேர்வதையே அளக்கலாம்.

வாயிலை அடைக்கும் பொருள் மட்டமானது என்று சொல்ல வரவில்லை. சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரூபெல், ரெய்பிள் இருவரின் குழுக்கள் 10,960 பொருட்களை மீன் குஞ்சில் சலித்து 2008-இல் இரண்டைத் தேர்ந்தெடுத்தன. அவற்றில் ஒன்றைச் செப்பனிட்டு உருவான ஓ.ஆர்.சி.-13661 எலிகளின் செவித்திறனைக் காத்தது, மனிதரில் முதற்கட்டச் சோதனை வரை போனது. அதுவும் அந்த வாயிலை அடைக்கும் பொருள்தான். வழி எது என்று தெரிந்து சொல்ல வேண்டும், அவ்வளவே.

ஆக்சிஜனேற்றத் தடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது: டி.பி.பி.எச். என்ற சோதனைக் குழாய் ஆக்சிஜனேற்றத் தடுப்புச் சோதனையில் ஊதா நிறம் மறைந்தது என்பதற்கும் உயிருள்ள மயிர்செல்லுக்குள் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. டீத்தூளும் அந்த நிறத்தை மறைக்கும். அதைக் காரணமாக எழுதுவதை மதிப்பாய்வாளர்கள் இப்போது விடுவதில்லை, விடவும் கூடாது.

அடுத்து, ஒளியின் ஏமாற்று. அடர்நிறச் சாறு ஒளியை விழுங்கும். தானே ஒளிரும் சாறு செத்த செல்லையும் உயிருள்ளதாகக் காட்டும். சாறு மட்டும் கொடுத்து, சாயம் போடாத குஞ்சு ஒன்றை அதே அமைப்பில் படமெடுத்தால் தெரிந்துவிடும். அதோடு சில குஞ்சுகளைப் பதப்படுத்தி, பார்வல்புமின் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி போட்டு எண்ணுங்கள். அங்கே செல் இருந்தால்தான் எண்ண முடியும், மைட்டோகாண்ட்ரியா சோர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் குறுக்கே வராது.

கடைசியாக, நேரம். நம்மைப்போல் இல்லாமல் மீனுக்கு மயிர்செல் மறுபடி வளரும். ஒரே நாளில் புதிய செல்கள் தலைகாட்டும், இரண்டு மூன்று நாளில் கொத்து பழையபடி ஆகிவிடும். மாலையில் நேரமில்லை, நாளை எண்ணலாம் என்று விட்டால் நீங்கள் எண்ணுவது பிழைத்ததையா, புதிதாக முளைத்ததையா என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றே எண்ணிவிடுங்கள்.

கணக்கு

12 குஞ்சில், குஞ்சுக்கு 10 கொத்து எண்ணினால் மாதிரி எண்ணிக்கை 120 அல்ல, 12. ஒரே குஞ்சின் கொத்துகள் ஒன்றையொன்று சார்ந்தவை. முதலில் குஞ்சுக்கு ஒரு சராசரி, பிறகே ஒப்பீடு. அதேபோல் ஒரே நாள், ஒரே ஜோடியின் முட்டையில் செய்தது ஒரு முறை செய்ததுதான். வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஈட்டு முட்டைகளில் குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். நியோமைசின் டோஸும் சாறும் என இரண்டு காரணிகள் இருப்பதால் இருவழி அனோவா என்ற புள்ளியியல் ஒப்பீடு பொருந்தும். நியோமைசினை ஒரே டோஸில் நிறுத்தாமல் மூன்று, நான்கில் காட்டினால் பாதுகாப்பு எந்த இடத்தில் உடைகிறது என்று வாசிப்பவருக்குத் தெரியும். நான் ஒரு கட்டுரையை எடுத்தால் முதலில் தேடுவது அந்த வரைபடத்தைத்தான்.

இவ்வளவும் தாண்டி நிற்கும் சாறு கிடைத்தால், அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் இதே மீனில் சோதித்து, வேலை செய்யும் மூலக்கூறை நெருங்கலாம். ஒரு குழிக்கு மில்லிகிராமில் சிறு பங்கே தேவைப்படும் என்பதால், பிரித்தெடுத்த சொற்பப் பொருளிலேயே இது முடியும். எலிக்குப் போகும் முன் யோசிக்க வேண்டியது ஒன்றுதான். மீனில் மருந்து நீர் வழியாகச் செல்லைத் தொட்டது. பாலூட்டியில் அது குடலையும் கல்லீரலையும் கடந்து, ரத்தத்துக்கும் உட்செவிக்கும் இடையிலுள்ள தடையையும் தாண்டியாக வேண்டும். அந்தப் பக்கம் அனுபவம் உள்ள குழுவோடு கைகோப்பதற்கான நேரம் அது.

வேலை முடிந்ததும் நியோமைசின் கலந்த நீரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். தனி டப்பாவில் சேர்த்து, நிறுவனத்தின் மருத்துவக் கழிவு விதிப்படி கொடுத்துவிடுங்கள். எண்ணி முடித்த குஞ்சுகளை மறுபடி வளர்க்க விடாமல், அனுமதியில் எழுதியபடி டிரைகெய்ன் அளவைக் கூட்டி முடித்து, எத்தனை பயன்படுத்தினீர்கள் என்று அன்றே பதிவேட்டில் ஏற்றுங்கள்.